வெள்ளிப் பாடல்களும் ஹேஸ்டிங்ஸ் பறவைகளும்

முதுகலை மாணவர்க்குக் கம்பராமாயணம் நடத்துகையில், ஆண்டுதோறும் ஒரு நாள் 'வெள்ளிப் பாடல்' பற்றிப் பேச நேர்ந்துவிடுகிறது. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பார் தாம் இயற்றிய பாடல்களைக் கம்பனுக்குள் நுழைத்தார் என்பது மரபுச் செய்தி. அவர் பெயராலேயே இடைச்செருகல்களுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் ஐயத்திற்குரியவற்றை 'மிகைப் பாடல்கள்' எனத் தனியே ஒதுக்கி அச்சிட்டனர். இதைச் சொல்லி முடித்ததும் மாணவர் ஒருவர் தவறாமல் எழுந்து கேட்கும் வினா ஒன்றுண்டு: "பாட்டு நன்றாக இருந்தால் யார் எழுதினால் என்ன ஐயா?"

இவ்வினாவிற்கு நாம் பலகாலம் இலக்கியத்திற்குள்ளேயே விடை தேடிக்கொண்டிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, சற்றும் எதிர்பாராத இடத்தில் அது கிட்டியது. இங்கிலாந்தின் பறவைப் பட்டியலைப் பற்றிய ஒரு பழைய வழக்கு அது. பறவையியலில் நாம் வெறும் ஆர்வலரே. ஆனால் சான்று, ஏடு, இடைச்செருகல், நீக்கம் என்று அவ்வழக்கு பேசும் மொழி நமக்கு மிகவும் பழகிய மொழி.

வலசைப் பறவைகளுள் சில, தமக்குரிய எல்லையைக் கடந்து எங்கோ ஓரிடத்தில் வந்திறங்குவதுண்டு. சைபீரியக் காடுகளில் கூடுகட்டித் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டிய மஞ்சள் புருவக் கதிர்க்குருவி, ஆறு கிராம் எடைகூடத் தேறாத உடலோடு வடகடல் தீவொன்றில் உருளைக்கிழங்குச் செடியின் அடியில் பூச்சி தேடிக்கொண்டிருக்கும். இதனை ஏன் என்று கேட்டவர்கள் நெடுங்காலம் காற்றின் மீதே பழிபோட்டனர். காற்று ஒரு காரணம்தான். ஆயினும், இளம்பறவைக்குப் பிறவியிலேயே வாய்த்த திசையுணர்வு பிழைபட்டாலும் இது நிகழும் என்பது பின்னர் தெளிவாயிற்று. நெதர்லாந்து ஆய்வாளர் பெர்டெக் 1958-இல் வெளியிட்ட சோதனை இதில் புகழ்பெற்றது. ஹேக் நகரருகே பிடித்த பதினோராயிரத்திற்கு மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளைச் சுவிட்சர்லாந்திற்குக் கொண்டுபோய் விடுவித்தார்கள். முதிர்ந்த பறவைகள் தாம் இடம்மாறியதை உணர்ந்து, திசையைத் திருத்திக்கொண்டு, வழக்கமான நிலத்தை நோக்கிப் பறந்தன. முதன்முறை வலசை போகும் இளையவையோ, பிறவித் திசையிலேயே பறந்து, முன்பின் அறியாத ஸ்பெயினையும் தென்பிரான்சையும் அடைந்தன. வழிதவறி வருவனவற்றில் பெரும்பாலானவை இளம்பறவைகளாக இருப்பதன் பொருள் இதனால் விளங்கும்.

இத்தகைய வரவுகளை முறையாகக் குறித்துவைக்கத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஹைன்ரிஹ் கேட்கே (1814–1897). கடலோவியம் தீட்டவென்று 1837-இல் ஹெலிகோலாந்து தீவிற்குப் போனவர், வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார். தலைத்தீவு ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள செம்பாறை. அன்று பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்தது. 1890-இல்தான் ஜெர்மனியின் வசமாயிற்று. கேட்கே அங்கே அரசுச் செயலராகவும் பணியாற்றினார். தீவு மக்கள் பூங்குருவிகளை உணவுக்காகப் பிடிப்பவர்கள். மரமற்ற அந்நிலத்தில் செயற்கையாகப் புதர் நட்டு, அதன்மேல் வலை கட்டி வைத்திருப்பார்கள். அரிய பறவை எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது; தப்பாதது கேட்கேயின் கைக்கு வந்துசேரும். 1891-இல் வெளிவந்த அவரது நூல் அத்தீவில் ஏறத்தாழ நானூறு வகைப் பறவைகளைக் குறித்தது. ஐரோப்பா வியந்தது, பலர் நம்ப மறுத்தனர். நம்ப மறுத்ததற்கும் காரணம் இல்லாமல் இல்லை. நீலக்கழுத்துக் குருவி ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே இரவில் தீவை அடைகிறது என்று எழுதியவரும் அவரே. ஆயினும் பறவையின் வேகத்தில் பிழைபட்ட கேட்கே, பறவையின் அடையாளத்தில் பெரும்பாலும் பிழைபடவில்லை. பின்னாளில் வந்தவர்கள் அவர் கண்டவற்றைத் தாமும் கண்டார்கள். மஞ்சள் புருவக் கதிர்க்குருவியும் அவற்றுள் ஒன்று.

அக்காலத்தில் சான்று என்பது துப்பாக்கியால் வருவது. சுட்டு வீழ்த்தியது சரித்திரம், தப்பிப் பறந்தது மர்மம் என்று ஆங்கிலேயர் பழமொழிபோல் சொல்லிக்கொண்டார்கள். தொலைநோக்கி தரக்குறைவாயிருந்த, களக்கையேடுகள் இல்லாத காலத்தில் அது நேர்மையான விதியே. பார்த்தேன் என்பவன் சொல்லை நம்ப வேண்டியதில்லை. உடல் மேசைமேல் கிடக்கிறது. ஆனால் உடல் ஒன்றைத்தான் சொல்லும்: தான் இன்ன பறவை என்பதை. எங்கே வீழ்ந்தேன் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது மனிதன்.

இந்த இடைவெளியில்தான் ஹேஸ்டிங்ஸ் வழக்கு நுழைகிறது.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் ஹேஸ்டிங்ஸ் நகரும், அதனையொட்டிச் செயின்ட் லெனர்ட்ஸ் என்னும் கடற்கரைக் குடியிருப்பும் உள்ளன. அங்கே ஜார்ஜ் பிரிஸ்டோ (1863–1947) என்றொருவர் கடை வைத்திருந்தார். துப்பாக்கித் தொழிலும், இறந்த பறவைகளைப் பாடம் செய்து நிறுத்தும் தொழிலும் அவருடையவை. 1892 தொடங்கி 1930 வரை, ஹேஸ்டிங்ஸைச் சுற்றி ஏறத்தாழ இருபது மைல் வட்டத்திற்குள், பிரித்தானியாவில் அதற்குமுன் எவரும் கண்டிராத பறவைகள் வரிசையாக வந்து வீழ்ந்தன. கசக்ஸ்தான் புல்வெளிக்குரிய கருவானம்பாடி; மத்தியதரைக் கடற்பகுதியின் கலந்திரா வானம்பாடி; ஈஜியன் கரைகளில் இனம்பெருக்கும் ருப்பெல் கதிர்க்குருவி; முகமூடிக் கீச்சான்; மீசைக் கதிர்க்குருவி; ஆல்ப்ஸ் முகடுகளை விட்டிறங்காத பனிமலைக் குருவி. தனித்தனியாகவும் வந்தன, இணையாகவும் வந்தன, சிறு கூட்டமாகவும் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பிரிஸ்டோவின் கடை வழியாகவே உலகிற்குத் தெரியவந்தன.

அன்றைய செல்வர்களிடையே பாடம் செய்த பறவை சேர்ப்பது ஒரு பித்து. அதிலும் 'பிரித்தானியாவில் சுட்டது' என்ற சீட்டு ஒட்டிய பறவைக்கு விலை தனி. அதே கருவானம்பாடியை ரஷ்யாவிலிருந்து வரவழைத்தால் சில்லறைக் காசு. சசெக்ஸ் வயலில் வீழ்ந்ததென்றால் பொன். டெர்பிஷயரின் கால்க் மாளிகைக்குரிய சர் வான்சி ஹார்ப்பர் க்ரூ போன்றோர் இவற்றை வாங்கிக் குவித்தனர். பறவை ஒன்றே, விலையை நிறுவுவது சீட்டு. ஓலைச்சுவடி வாணிகம் அறிந்தவர்க்கு இது புதிதன்று.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நார்மன் டைஸ்ஹர்ஸ்ட் செயின்ட் லெனர்ட்ஸிலேயே வாழ்ந்த அறுவை மருத்துவர். நேர்மைக்குப் பெயர் பெற்ற பறவையியலார். பின்னர் வெளிவந்த பிரித்தானியப் பறவைகள் பற்றிய பெருங்கையேட்டின் ஆசிரியர் நால்வருள் ஒருவர். (கதிர்க்குருவிகளின் இலைக்குருவிப் பேரினத்தை 1938-இல் ஆராய்ந்து நூல் செய்த கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் இவருடைய தம்பி, அந்நூலை இந்தியப் பறவை ஆய்வாளர்கள் நன்கறிவர்.) புதிய பறவை வந்ததென்று செய்தி கிடைத்ததும் டைஸ்ஹர்ஸ்ட் கடைக்குப் போவார். பாடம் செய்யுமுன் உடலைக் கையிலெடுத்துப் பார்ப்பார். தசை புதிதாக இருக்கும். புதிதாக இருப்பதைத் தாம் கண்டதாகப் பதிவு செய்வார். அன்றைய முறைப்படி இதனினும் உயர்ந்த சான்று கிடையாது. அவர் கண்டது பொய்யன்று, எழுதியதும் பொய்யன்று. ஆனால் பறவை புதிது என்பதை வைத்து, அது அங்கேயே வீழ்ந்தது என்று கொண்டார். கப்பல்களில் பனிக்கட்டியிட்டு இறைச்சி கொண்டுவரத் தொடங்கியிருந்த காலம் அது என்பதை எவரும் அந்த மேசையருகே நின்று நினைத்துப் பார்க்கவில்லை. பிறரை ஐயுறும் வழக்கமில்லாதவர் தம்மை அறியாமலேயே பொய்க்குக் கையொப்பமிட நேர்வது, ஏமாற்றுபவனின் கதையைவிட நம்மை அதிகம் வருத்துகிறது.

ஐயம் எழாமலில்லை. 1907-இல் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழைத் தொடங்கிய ஹாரி விதர்பி, 1916-இல் பிரிஸ்டோவிற்கு எழுதி, இனி இத்தகைய பதிவுகளை இம்முறையில் ஏற்பதற்கில்லை என்று உணர்த்தினார். அதன்பின் அரும்பறவை வரத்து வெகுவாகக் குறைந்தது. காற்றும் வலசையும் ஓர் இதழாசிரியரின் கடிதத்திற்குக் கட்டுப்பட்டன போலும்! ஆயினும் ஏற்கெனவே அச்சேறியவை பட்டியலில் அப்படியே இருந்துவிட்டன. வெளிப்படையாகக் குற்றஞ்சாட்ட எவரும் துணியவில்லை. அவதூறு வழக்கிற்கு அஞ்சினார்கள் என்றும் கொள்ளலாம். கூடவே, தாமே ஏற்று அச்சிட்டதைத் தாமே மறுக்கும் கூச்சமும் இருந்திருக்கும்.

நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையே பறவையியலின் கருவிகள் மாறிவிட்டன. துப்பாக்கி போய்க் கால்வளையமும் வலையும் வந்தன. 1954-இல் பீட்டர்சன், மவுண்ட்ஃபோர்ட், ஹாலம் மூவரும் செய்த ஐரோப்பியக் களக்கையேடு வந்தது. 1959-இல் அரும்பறவைப் பதிவுகளை ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ பதின்மர் கொண்ட குழு அமைந்தது. புதிய பதிவு ஒவ்வொன்றையும் கடுமையாக உரசிப் பார்க்கும்போது, பழைய பதிவுகள் மட்டும் உரசப்படாமல் இருப்பதெப்படி என்ற வினா எழுவது இயல்பே. 1962 ஆகஸ்ட் மாதம் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' தன் இதழைப் பெரிதும் இவ்வழக்கிற்கே ஒதுக்கியது. மாக்ஸ் நிக்கல்சனும் ஃபெர்கூசன்-லீஸும் வரலாற்றை ஆராய்ந்து எழுதினர். ஜான் நெல்டர் புள்ளியியலால் ஆராய்ந்து எழுதினார். நெல்டர் பிற்காலத்தில் புள்ளியியல் உலகில் பெரும்புகழ் எய்தியவர்; தாமும் பறவை நோக்குபவர்.

நெல்டர் செய்ததை எளிதாகச் சொல்லிவிடலாம். தனிப்பட்ட எந்தப் பறவையையும் அவர் தொடவில்லை. ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்தை ஒருபுறமும், அதனைச் சூழ்ந்த சசெக்ஸ், கென்ட் பகுதிகளை மறுபுறமும் வைத்தார். 1895 முதல் 1924 வரை ஒரு காலம், 1925 முதல் 1954 வரை இன்னொரு காலம் என்று இரண்டாகப் பகுத்தார். அரும்பறவைகளை அருமையின் அளவால் வகைப்படுத்தி எண்ணினார். நோக்குபவர் தொகை பெருகப் பெருகப் பதிவுகளும் பெருகத்தானே வேண்டும்? அக்கம்பக்கத்தில் அப்படியே நடந்திருந்தது. ஹேஸ்டிங்ஸில் மட்டும் கண்கள் குறைவாயிருந்த முற்காலத்தில் அரும்பறவை குவிந்தும், கண்கள் மிகுந்த பிற்காலத்தில் அருகியும் இருந்தது. அதிலும் மிக அரியவை, ஓரளவு அரியவற்றோடு ஒப்பிடப் பொருந்தாத அளவில் மிகுந்திருந்தன. சில மைல் தொலைவில் உள்ள அடுத்த கடற்கரைக்கு அவை வரவேயில்லை. இயற்கை இவ்வாறு எல்லைக்கோடு பார்த்து நடப்பதில்லை.

ஏறத்தாழ அறுநூறு பதிவுகள் ஒரே வீச்சில் தள்ளப்பட்டன. இருபத்தொன்பது இனங்களும் சிற்றினங்களும் பிரித்தானியப் பட்டியலிலிருந்து நீங்கின. அதே சசெக்ஸ் மண்ணில் 1912-இல் 'கண்டெடுத்த' பில்ட்டவுன் மனித மண்டையோடு போலியென்று 1953-இல்தான் வெளிப்பட்டிருந்தது. எனவே செய்தித்தாள்களுக்கு இது இரண்டாம் விருந்தாயிற்று. பிரிஸ்டோ இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. டைஸ்ஹர்ஸ்ட் உயிரோடிருந்தார்; 1969 வரை வாழ்ந்தார். முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் தாம் கையொப்பமிட்டவை எண்பது வயதிற்கு மேல் அழிக்கப்படுவதை அவர் கண்டார்.

எதிர்ப்பும் எழுந்தது. ஜேம்ஸ் ஹாரிசன் 1968-இல் பிரிஸ்டோவிற்காக வாதாடி ஒரு நூலே எழுதினார். அவருடைய வாதத்தின் உயிர்நிலையை நாம் எளிதில் புறந்தள்ள இயலாது. இறந்தவன் பதில் சொல்ல முடியாது. குறிப்பிட்ட ஒரு பறவை போலி என்று எவரும் நிறுவவில்லை. மொத்தத்தில் ஏதோ பிழையுள்ளது என்று எண்கள் சொல்லும். எது பிழை என்று சொல்லா. அறுநூறில் சில உண்மையாகவே அங்கு வந்தவையாக இருக்கலாம். பொய்யோடு மெய்யையும் சேர்த்து எரிப்பது முறையா?

பதிப்பாசிரியன் தன் மேசையில் எதிர்கொள்ளும் இக்கட்டும் இதுவே. ஒரே ஏட்டில் பத்து இடைச்செருகல் கண்டால், அவ்வேட்டில் மட்டும் காணப்படும் பதினோராவது பாடலை என்ன செய்வது? அது கம்பனுடையதாகவே இருக்கலாம். ஆனால் அதற்குச் சான்று அவ்வேடு ஒன்றே. அவ்வேட்டின் சொல் கெட்டுவிட்டது. பாடலை நாம் பொய்யென்று சொல்லவில்லை. அதற்காகச் சாட்சி சொல்ல ஆளில்லை என்கிறோம். 1962-இன் தீர்ப்பும் இப்படிப்பட்டதே என்பது நம் துணிபு. ஒரு வேறுபாடு உண்டு. நம் பதிப்பாசிரியர்கள் மிகைப் பாடல்களைத் தள்ளினாலும் நூலின் இறுதியிலோ அடியிலோ அச்சிட்டு வைத்தார்கள். படிப்பவர் தாமே நிறுத்துப் பார்க்கலாம். நிக்கல்சனும் ஃபெர்கூசன்-லீஸும் அதனையும் செய்தார்கள்: தள்ளப்பட்ட பதிவுகளை விவரத்தோடு அவ்விதழிலேயே அடுக்கிக் காட்டினார்கள். பழைய பதிப்பாசிரியர்கள் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் பாடல்களை நீக்கிய வரலாறும் நம்மிடையே உண்டாகையால், இச்செயலின் அருமை நமக்கு நன்கு புலப்படுகிறது.

இனிச் சுவையான பகுதி. பட்டியலிலிருந்து விரட்டப்பட்ட பறவைகள் ஒவ்வொன்றாகத் தாமே திரும்பி வந்தன. இம்முறை எவருடைய கடை வழியாகவும் அல்ல. கலந்திரா வானம்பாடி 1961-லேயே டார்செட்டின் போர்ட்லாந்தில் காணப்பட்டிருந்தது. ருப்பெல் கதிர்க்குருவி 1977-இல் ஷெட்லாந்திற்கு வந்தது. முகமூடிக் கீச்சான் 2004-இன் இலையுதிர் காலத்தில் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில் இரு வாரங்களுக்கு மேல் தங்கியது. செட்டி கதிர்க்குருவியின் கதை இன்னும் வேடிக்கை. அது வலசை போகும் வழக்கமில்லாதது. ஹேஸ்டிங்ஸ் அரும்பொருள்களுள் ஒன்றாகத் தள்ளப்பட்டது. ஐரோப்பாவில் வடக்கு நோக்கிப் படிப்படியாகப் பரவி, 1970-களின் தொடக்கத்தில் கென்ட்டிலேயே கூடுகட்டி, இன்று தென்னிங்கிலாந்து நாணற்காடுகளின் அன்றாடக் குரலாகிவிட்டது. பனிமலைக் குருவி மட்டும் வரவில்லை. மீசைக் கதிர்க்குருவியின் விதி வேறு: 1946-இல் கேம்பிரிட்ஜ் அருகே அது கூடுகட்டியதாக வேறு நோக்கர்கள் தந்த பதிவு ஹேஸ்டிங்ஸ் தீர்ப்பிற்குப் பின்னும் நின்றது; 2006-இல் அதனையும் மறுஆய்வு செய்து நீக்கினார்கள். இங்கே மோசடிக் குற்றச்சாட்டு இல்லை. சான்று போதவில்லை, அவ்வளவே.

அப்படியானால் பிரிஸ்டோ சொன்னது மெய்யாகலாம் அல்லவா என்று கேட்கத் தோன்றும். நம் மாணவர் கேட்ட வினாவின் மறுவடிவமே இது. முகமூடிக் கீச்சான் பிரித்தானியாவிற்கு வரக்கூடும் என்பதை 2004 காட்டியது. நூறாண்டுக்கு முன் ஹேஸ்டிங்ஸில் வீழ்ந்தது என்பதை அது காட்டவில்லை. வரக்கூடியது எது என்று ஊகித்துப் பொய் சமைப்பவனுடைய பொய், பின்னாளில் மெய்யோடு ஒத்துப்போவதில் வியப்பில்லை. நல்ல வெள்ளிப் பாடல் கம்பனைப் போலவே ஒலிக்கும். ஒலிக்காவிட்டால் ஏட்டில் இத்தனை காலம் நின்றிருக்காது.

இழப்பு எங்கே என்றால், காலத்தில். பறவைகளின் எல்லை மாறிக்கொண்டிருக்கிறது என்பதை இன்று நாம் அறிவோம். ரிச்சர்ட் நெட்டைக்காலி சைபீரியாவிலிருந்து தெற்காசியாவிற்கு வலசை வரும் பறவை. மேற்கு ஐரோப்பாவில் அதனைக் காண்பது வழிதவறல் என்றே கருதப்பட்டு வந்தது. தென்பிரான்சில் குளிர்காலம் கழிக்கும் நெட்டைக்காலிகளுக்குக் கருவி பொருத்தி ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அவை வேனிலில் சைபீரியாவிற்குத் திரும்பி, மறுகுளிரில் மீண்டும் பிரான்சுக்கே வருகின்றன. வழிதவறியவை புதுவழி கண்டுவிட்டன. இத்தகைய மாற்றம் எப்போது தொடங்கியது என்று கேட்பவன் நூறாண்டுப் பழைய பதிவுகளையே புரட்டியாக வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தைப் பொறுத்தவரை, அவன் புரட்டும் ஏட்டில் முப்பத்தெட்டு ஆண்டுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. அக்காலத்தில் உண்மையாகவே வந்திறங்கிய ஒரு பறவை, நேர்மையான ஓர் உழவன் கண்டு சொல்லிக் கடைக்கு வந்த ஒரு பறவை இருந்திருக்குமாயின், அதுவும் பொய்களோடு போய்விட்டது. 'யார் எழுதினால் என்ன' என்பவர்க்கு நாம் இப்போது இதனைத்தான் சொல்லி வருகிறோம். மாணவர்கள் ஏற்கிறார்களா என்பது வேறு.

கருவானம்பாடியைச் சொல்லாமல் விட்டோம். 1984 ஏப்ரலில், யார்க்ஷயரின் ஸ்பர்ன் முனையில் கருவானம்பாடி ஒன்று காணப்பட்டது. பட்டியலில் அப்போது அப்படியொரு பறவையே இல்லை. ஹேஸ்டிங்ஸ் பறவைகளோடு அதன் பெயரும் போயிருந்தது. கண்ட செய்தி ஏற்புப் பெறாமலே கிடந்தது. 2003 ஜூன் முதல் வாரத்தில், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில், சௌத் ஸ்டாக் பாறைமேட்டில் கரிய ஆண் வானம்பாடி ஒன்று வந்து எட்டு நாள் தங்கியது. நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். அதற்குப் பின்னர் ஸ்பர்ன் குறிப்புகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். இன்று பிரித்தானியப் பட்டியலில் கருவானம்பாடியின் முதற்பதிவு என்று நிற்பது 1984-இல் ஸ்பர்னில் கண்ட அந்தப் பறவைதான்.